ஸ்டெப்பர் மோட்டாரை ஒரு ஸ்பிரிங்காகப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கி இப்படி எடுத்துக்கொள்கிறேன். பெல்ட்டில் ஓடும் ஒரு பேனா பிளாட்டர் (பேனாவால் படம் வரையும் மெஷின்) கட்டியிருக்கிறீர்கள். நீமா 17 அளவு ஹைப்ரிட் ஸ்டெப்பர் மோட்டார், ஃபேஸுக்கு (ஒரு காயில் தொகுதிக்கு) 1.7 ஆம்பியர், 1.5 ஓம், 2.8 மில்லிஹென்ரி, ஹோல்டிங் டார்க் (நின்ற இடத்தில் பிடித்துவைக்கும் திருப்பு விசை) 0.4 நியூட்டன் மீட்டர். 20 பல் புல்லி, 2 மில்லிமீட்டருக்கு ஒரு பல் உள்ள ஜிடி2 பெல்ட், காயிலுக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் ஏ4988 டிரைவர், 12 வோல்ட் சப்ளை, அர்டுயினோ ஊனோ போர்டில் ஸ்டெப் பல்ஸ் அனுப்பும் ஜிஆர்பிஎல் மென்பொருள். வினாடிக்கு 200 மில்லிமீட்டரைத் தாண்டினால் மோட்டார் ஊளையிட்டு நின்றுவிடுகிறது. சில நேரம் படம் பாதியில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுகிறது. 2.55 வோல்ட் என்று போட்டிருக்கும் மோட்டாருக்கு 24 வோல்ட் கொடுத்தால் எரிந்துவிடுமா, டிஆர்வி8825 டிரைவர் வாங்கி 1/32 மைக்ரோ ஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை 32 துண்டாக்குவது) வைத்தால் துல்லியம் இரட்டிப்பாகுமா, மோட்டாரைப் பிரித்து உள்ளே பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். ஸ்டெப்பர் மோட்டார் என்றால் சொன்ன இடத்தில் போய் நிற்கும் என்று படித்திருப்போம். உண்மையில் அது அங்கே போய் நிற்பதில்லை. சொன்ன இடத்தை நோக்கிக் காந்தத்தால் ஆன ஒரு ஸ்பிரிங் அதை இழுத்துக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங்கில் எடை தொங்கினால் கொஞ்சம் இழுபடும், தட்டினால் ஆடும், அளவுக்கு மீறி இழுத்தால் விட்டுவிடும். உங்கள் பிளாட்டரில் நடப்பதும் இதுதான்.

முதலில் மோட்டாரின் உள்ளமைப்பு. இதை நிதானமாகப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

கனெக்டரைக் கழற்றிவிட்டு ஷாஃப்டைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கரண்டே இல்லாமல் விரலில் நுண்ணிய முடிச்சுகள் போலத் தட்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 முடிச்சு. இதைத்தான் டிடென்ட் டார்க் என்கிறார்கள். ரோட்டாரில் (உள்ளே சுழலும் பகுதியில்) நிரந்தரக் காந்தம் இருப்பதற்கு இதுவே சாட்சி. இப்போது நான்கு வயர்களில் ஏதாவது இரண்டின் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றுங்கள். சரியான ஜோடி அகப்பட்டால் ஷாஃப்ட் சட்டென்று இறுகிவிடும், தேனுக்குள் சுற்றுவது போல இருக்கும். அந்த இரண்டும் ஒரே காயிலின் முனைகள். மோட்டார் டைனமோவாக வேலை செய்து, தான் உண்டாக்கிய கரண்டாலேயே தன்னைத் தடுத்துக்கொள்கிறது. மல்டிமீட்டர் இல்லாத இடத்தில் காயில் ஜோடியைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது. இந்த டைனமோ விஷயத்தை நினைவில் வையுங்கள், வேகத்தைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

ரோட்டாரின் நடுவில் ஒரு வட்டமான காந்தம். அதன் வடதுருவமும் தென்துருவமும் ஷாஃப்டின் திசையிலேயே இருக்கின்றன, ஒரு முகம் வடக்கு, மறு முகம் தெற்கு. இரண்டு முகத்திலும் பல் வெட்டிய இரும்புத் தொப்பி ஒன்று மாட்டியிருக்கும். ஆக, முன் தொப்பியின் எல்லாப் பற்களும் வடதுருவம், பின் தொப்பியின் எல்லாப் பற்களும் தென்துருவம். ஒவ்வொரு தொப்பியிலும் 50 பல். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே 7.2 டிகிரி. இரண்டு தொப்பிகளும் ஒன்றுக்கொன்று அரைப் பல், அதாவது 3.6 டிகிரி, தள்ளி மாட்டப்பட்டிருக்கும்.

சுற்றியிருக்கும், அசையாத ஸ்டேட்டரில் 8 துருவங்கள், 45 டிகிரிக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முகத்திலும் அதே அளவில் சில பற்கள். இங்கேதான் இந்த வடிவமைப்பின் அழகு இருக்கிறது. 45-ஐ 7.2-ஆல் வகுத்துப் பாருங்கள்: 6.25. அந்தக் கால் பகுதிதான் எல்லாமே. முதல் துருவத்தின் பற்கள் முன் தொப்பியின் பற்களுக்கு நேருக்கு நேர் இருந்தால், இரண்டாவது துருவம் கால் பல் விலகியிருக்கும். மூன்றாவது அரைப் பல் விலகி, பல்லுக்கு எதிரே பள்ளமாக நிற்கும். நான்காவது முக்கால் பல். ஐந்தாவது மறுபடி நேருக்கு நேர். யாரும் எதையும் தனியாகத் தள்ளி வைக்கவில்லை, 50 என்ற எண்ணும் 8 என்ற எண்ணும் சேர்ந்தாலே இப்படி அமைந்துவிடுகிறது.

1, 3, 5, 7 துருவங்களில் முதல் ஃபேஸ், 2, 4, 6, 8 துருவங்களில் இரண்டாவது ஃபேஸ். ஒரே ஃபேஸுக்குள் அடுத்தடுத்த துருவங்களில் காயில் எதிர்த் திசையில் சுற்றப்பட்டிருக்கும். முதல் ஃபேஸில் கரண்ட் போனால் 1-ம் 5-ம் தெற்காகின்றன, 3-ம் 7-ம் வடக்காகின்றன. தெற்கான 1-ம் 5-ம் முன் தொப்பியின் வடக்குப் பற்களைப் பிடித்துக்கொள்கின்றன. 3-ம் 7-ம் முன் தொப்பியில் பள்ளத்தைப் பார்த்து நிற்கின்றன, ஆனால் அரைப் பல் தள்ளியிருக்கும் பின் தொப்பியில் அவற்றுக்கு நேரே தெற்குப் பற்கள். அங்கே அவை பிடிக்கின்றன. இப்படி நான்கு இடத்தில், முன்னும் பின்னுமாக, ஒரே நேரத்தில் ரோட்டார் பூட்டிக்கொள்கிறது. காந்தப் பாய்வு காந்தத்திலிருந்து முன் தொப்பி, அங்கிருந்து 1-ஆவது துருவம், ஸ்டேட்டர் உடம்பு வழியாகப் பின்பக்கம், 3-ஆவது துருவம், பின் தொப்பி, மறுபடி காந்தம் என்று ஒரு சுற்று வருகிறது.

இப்போது முதல் ஃபேஸை அணைத்து இரண்டாவதைப் போட்டால், கால் பல் விலகியிருந்த துருவங்கள் தங்களுக்கு நேராக ரோட்டாரை இழுக்கும். கால் பல் என்றால் 1.8 டிகிரி. அப்புறம் முதல் ஃபேஸில் கரண்டைத் திருப்பிவிடுகிறோம், இன்னொரு 1.8. பிறகு இரண்டாவது ஃபேஸைத் திருப்பினால் இன்னொரு 1.8. நான்காவது மாற்றத்தில் பழைய நிலைக்கு வரும்போது ரோட்டார் சரியாக ஒரு பல் நகர்ந்திருக்கும். 50 பல், பல்லுக்கு நான்கு ஸ்டெப், ஆக மொத்தம் 200. 0.9 டிகிரி மோட்டார் என்று கடையில் விற்பதில் 100 பல் இருக்கும், தத்துவம் ஒன்றுதான். தனியாகப் பல்லை மட்டும் நம்பும் மோட்டாரும் உண்டு, காந்தத்தை மட்டும் நம்பும் மோட்டாரும் உண்டு (மாணவர்கள் வாங்கும் அந்தச் சின்ன 28பிஒய்ஜே-48 இரண்டாவது வகை). இரண்டையும் சேர்த்ததால்தான் ஹைப்ரிட் என்று பெயர்.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. இந்த வடிவம் ஸ்டெப் போடுவதற்காகப் பிறந்ததே இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபைர்டாக், டோனஹூ என்ற இரண்டு பொறியாளர்களுக்கு 1952-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது கியர் இல்லாமல் மெதுவாகச் சுழலும் ஓர் ஏ.சி. மோட்டார். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் கரண்டில் போட்டால் வினாடிக்கு 60 பல் நகரும், நிமிடத்துக்கு 72 சுற்று. சுப்பீரியர் எலெக்ட்ரிக் என்ற கம்பெனி இதே வகையை ஸ்லோ-சின் என்ற பெயரில் விற்றது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் அதே மோட்டார் வினாடிக்குச் சரியாக ஒரு சுற்று சுற்றும். உங்கள் மேஜையில் இருப்பது அடிப்படையில் 100 துருவம் கொண்ட ஒரு சின்க்ரனஸ் மோட்டார், அதாவது கரண்டின் தாளத்தோடு ஒத்து ஓடும் மோட்டார். அதை டிஜிட்டலாக ஓட்டுகிறோம், அவ்வளவே.

சரி, ஸ்பிரிங்குக்கு வருவோம். காயிலில் கரண்டை நிலையாக வைத்துவிட்டு ஷாஃப்டைக் கையால் திருப்பினால் எதிர்ப்பு எப்படி வளரும்? அது ஏறக்குறைய ஒரு சைன் வளைவு. பூட்டிய இடத்தில் டார்க் பூஜ்யம். விலக விலகக் கூடி, 1.8 டிகிரியில் உச்சத்தைத் தொடும். அந்த உச்சம்தான் டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் ஹோல்டிங் டார்க். அதற்கும் மேல் திருப்பினால் குறையத் தொடங்கி, 3.6 டிகிரியில் மறுபடி பூஜ்யம். அதையும் தாண்டினால் ரோட்டார் திரும்பி வராது, அடுத்த பல்லில் போய் விழுந்துவிடும்.

இதிலிருந்து வரும் முதல் முடிவு: டார்க் வேண்டுமென்றால் ரோட்டார் பின்தங்கியே ஆக வேண்டும். பேனாவைச் சுமந்து ஓடும் உங்கள் வண்டியைத் தள்ள 0.1 நியூட்டன் மீட்டர் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது உச்சத்தில் கால் பங்கு. சைன் கணக்குப்படி ரோட்டார் 0.29 டிகிரி பின்தங்கி நிற்கும். உங்கள் புல்லி ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் இழுப்பதால் பெல்ட்டில் அது சுமார் 0.03 மில்லிமீட்டர். பேனாவுக்கு இது ஒன்றுமில்லை, உலோகம் கடையும் மெஷினுக்கு இது கவலைப்பட வேண்டிய அளவு.

இரண்டாவது முடிவு உங்கள் "படம் நகர்கிறது" பிரச்சினைக்கு நேரடியான மருந்து. மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிட்டால் ஒன்றிரண்டு ஸ்டெப் தவறாது. தவறினால் ஒரு முழுப் பல், அதாவது நான்கு ஸ்டெப், அல்லது அதன் மடங்கு. உங்கள் பெல்ட்டில் ஒரு பல் 40-ஐ 50-ஆல் வகுத்தது, 0.8 மில்லிமீட்டர். அதனால் படம் நகர்ந்த தூரத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். 0.8, 1.6, 2.4 என்று வந்தால் மோட்டார் பிடியை விட்டிருக்கிறது. 2 மில்லிமீட்டர் மடங்காக வந்தால் பெல்ட் புல்லியில் பல் தாண்டியிருக்கிறது. எந்தக் கணக்கிலும் அடங்காமல் 0.3, 0.5, 1.1 என்று வந்தால் மோட்டாரையும் டிரைவரையும் விட்டுவிட்டு அலன் கீயை எடுங்கள், புல்லியை ஷாஃப்டோடு இறுக்கும் சின்ன கிரப் ஸ்குரூ தளர்ந்திருக்கும். நடுவில் பவரை அணைத்துப் போட்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் பவர் வரும்போது டிரைவர் தன் ஆரம்ப நிலைக்கு ரோட்டாரை இழுத்துக்கொள்ளும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில். மோட்டார் மாற்றினோம், டிரைவர் மாற்றினோம், வயரைக்கூட ஷீல்டு வயராக மாற்றினோம், எழுத்து நகர்வது நிற்கவில்லை. மூன்றாம் நாள் நகர்ந்த தூரங்களை உட்கார்ந்து வரிசையாக அளந்தேன். பத்து அளவில் ஒன்றுகூட 0.8-இன் மடங்கு இல்லை. ஷாஃப்டின் தட்டைப் பகுதியில் உட்கார வேண்டிய ஸ்குரூ வட்டப் பகுதியில் உட்கார்ந்திருந்தது. ஸ்குரூவைச் சரியாக உட்கார வைத்து இறுக்க அரை நிமிடம் ஆனது. அன்றிலிருந்து எந்த மெஷினுக்கும் முதலில் அளக்கிறேன், பிறகுதான் கழற்றுகிறேன். நீங்களும் ஐந்தாறு அளவாவது எடுங்கள். 4 மில்லிமீட்டர் இரண்டு கணக்குக்கும் மடங்கு, ஒரே ஓர் அளவை நம்பினால் ஏமாறுவீர்கள்.

அடுத்து மைக்ரோ ஸ்டெப். இரண்டு ஃபேஸுக்கும் கரண்டை முழுதாக மாற்றாமல் ஒன்றில் சைனாகவும் மற்றதில் கோசைனாகவும் படிப்படியாக மாற்றினால், ஸ்பிரிங்கின் நடுப்புள்ளி இரண்டு ஸ்டெப்புக்கு இடையிலும் நிற்கும். 1/16-இல் ஒரு மைக்ரோ ஸ்டெப் 0.1125 டிகிரி. நடுப்புள்ளி அங்கே நகர்ந்துவிட்டது, சரி. ரோட்டார் நகர்ந்ததா? நடுப்புள்ளி ஒரு மைக்ரோ ஸ்டெப் நகரும்போது ரோட்டாரை இழுக்கப் பிறக்கும் டார்க், 1/16-இல் உச்சத்தில் 9.8 சதவீதம். 1/32-இல் 4.9 சதவீதம். 1/256-இல் வெறும் 0.6 சதவீதம். உங்கள் தண்டவாளத்தின் உராய்வும் மோட்டாரின் டிடென்ட் டார்க்கும் சேர்ந்து பெரும்பாலும் இதைவிட அதிகம். அதனால் இரண்டு மூன்று மைக்ரோ ஸ்டெப் கொடுத்தும் ரோட்டார் அசையாமல் இருந்து, பிறகு மொத்தமாக ஒரு தாவு தாவும். டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு ஸ்டெப்பாகக் கொடுத்துப் பார்த்தால் முள் நின்று நின்று குதிப்பது கண்ணுக்கே தெரியும்.

இதன் மேல் மோட்டாரின் சொந்தப் பிழை இருக்கிறது. நல்ல 1.8 டிகிரி மோட்டாருக்கு ஸ்டெப் பிழை 5 சதவீதம் என்று போட்டிருப்பார்கள், அதாவது கூடவோ குறையவோ 0.09 டிகிரி. இது கிட்டத்தட்ட ஒரு 1/16 மைக்ரோ ஸ்டெப்புக்குச் சமம். ஆறுதல் என்னவென்றால் இந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகாது. ஆயிரம் சுற்று ஓடினாலும் அதே 0.09-தான். எனவே 1/16-க்கு மேல் போவதால் துல்லியம் கூடும் என்று எண்ண வேண்டாம். சத்தம் குறையும், ஓட்டம் வழவழப்பாகும், அது உண்மையான லாபம்தான்.

மைக்ரோ ஸ்டெப் போட்டால் டார்க் குறைந்துவிடும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மேலே சொன்ன 9.8 சதவீதத்தைத் தவறாகப் படித்ததால் வந்த கதை அது. ஸ்பிரிங்கின் முழு வலிமை அப்படியேதான் இருக்கிறது. ஒரு மைக்ரோ ஸ்டெப் பின்தங்கினால் 9.8 சதவீதம், பதினாறு பின்தங்கினால் முழு 100. ஆனால் வேறொரு இழப்பு உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. டேட்டாஷீட்டின் 0.4 என்பது இரண்டு ஃபேஸிலும் முழு 1.7 ஆம்பியர் ஓடும்போது அளந்தது. சைன் அலையில் உச்சம் 1.7 என்று வைத்தால் ஒரு ஃபேஸ் உச்சத்தில் இருக்கும்போது மற்றது பூஜ்யத்தில் இருக்கும். கிடைப்பது 0.28-தான். இதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

1/32-க்கு எதிராக உங்கள் விஷயத்தில் இன்னொரு காரணமும் இருக்கிறது. 200 ஸ்டெப், 1/16, சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் என்றால் மில்லிமீட்டருக்கு 80 பல்ஸ். 1/32-இல் 160. ஊனோவில் ஜிஆர்பிஎல் வினாடிக்குச் சுமார் 30,000 பல்ஸ் வரைதான் நிம்மதியாகக் கொடுக்கும். 30,000-ஐ 160-ஆல் வகுத்தால் 187 மில்லிமீட்டர். நீங்கள் 200-ஐத் தாண்ட முடியவில்லை என்று கேட்கிறீர்கள், 1/32 உங்களை அதற்குள்ளேயே கட்டிப்போட்டுவிடும்.

ஸ்பிரிங்கும் எடையும் சேர்ந்தால் ஆடும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் எப்படி உயரம் ஏறிக்கொண்டே போகுமோ அப்படி, ரோட்டாரின் சொந்த ஆட்டத்தோடு ஸ்டெப்பின் வேகம் ஒத்துப்போனால் மோட்டார் அதிர்ந்து பிடியை விட்டுவிடும். உங்கள் மோட்டாருக்கு ரோட்டார் இனர்ஷியா (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவு) 54 கிராம் செ.மீ. வர்க்கம் என்று கொண்டால், வெறும் ரோட்டார் வினாடிக்குச் சுமார் 300 முறை ஆடும். அரைக் கிலோ வண்டியை பெல்ட்டில் மாட்டினால் அது 140-க்கு இறங்கிவிடும். முழு ஸ்டெப்பில் வினாடிக்கு 140 ஸ்டெப் என்றால் உங்கள் பிளாட்டரில் 28 மில்லிமீட்டர் வேகம். மெதுவாக ஓட்டும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மேஜையே கடகடவென்று அதிர்வதைக் கவனித்திருந்தால் அது இதுதான். மைக்ரோ ஸ்டெப் ஒவ்வொரு தட்டையும் சின்னதாக்கிவிடுவதால் இந்தத் தொல்லைக்கு நல்ல மருந்து. இல்லாவிட்டால் அந்த வேகத்தில் நிற்காமல் வேகமாகக் கடந்துவிட வேண்டும். நடுத்தர வேகத்திலும் இன்னொரு அதிர்வு வரும், அது கரண்ட் தாமதமாக ஏறுவதால் வருவது. நல்ல டிரைவர்கள் அதை அடக்கிவிடுகின்றன.

இப்போது உங்களை அதிகம் படுத்தும் வேகம். வினாடிக்கு 200 மில்லிமீட்டர் என்றால் உங்கள் புல்லியில் வினாடிக்கு 5 சுற்று, 300 ஆர்.பி.எம். ஏன் அங்கே நிற்கிறது?

காயிலில் வோல்டேஜ் கொடுத்த உடனே கரண்ட் முழுதாக வந்துவிடாது, இண்டக்டன்ஸ் தடுக்கும். 2.55 வோல்ட் மட்டும் கொடுத்தால் 1.7 ஆம்பியரை நெருங்க 5 மில்லி வினாடிக்கும் மேல் ஆகும். 24 வோல்ட் கொடுத்தால் 0.2 மில்லி வினாடியில் ஏறிவிடும். 600 ஆர்.பி.எம்.-இல் ஒரு முழு ஸ்டெப்புக்குக் கிடைக்கும் நேரமே 0.5 மில்லி வினாடிதான். அதற்குள் கரண்ட் ஏற வேண்டும், சில ஸ்டெப்பில் திசையும் மாற வேண்டும். வோல்டேஜ் போதாவிட்டால் கரண்ட் பாதி ஏறும்போதே அடுத்த ஸ்டெப் வந்துவிடும். கரண்ட் பாதி என்றால் ஸ்பிரிங்கும் பாதி.

அதோடு, ஷாஃப்டைக் கையால் சுற்றியபோது பார்த்தீர்களே, அந்த டைனமோ. மோட்டார் ஓடும்போதும் அது தன் வோல்டேஜை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, உங்கள் சப்ளைக்கு எதிராக. உங்கள் மோட்டாரின் எண்களை வைத்துப் போட்டால் 600 ஆர்.பி.எம்.-இல் இந்த எதிர் வோல்டேஜ் சுமார் 10 வோல்ட், இண்டக்டன்ஸ் கேட்பது சுமார் 15 வோல்ட். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வராததால் நேராகக் கூட்டக் கூடாது; வயரின் தடையையும் சேர்த்து மொத்தம் 20 வோல்ட் அளவுக்கு வருகிறது. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால், முழுக் கரண்டும் கிடைக்கும் கடைசி வேகம் 12 வோல்ட்டில் 340 ஆர்.பி.எம்., 24 வோல்ட்டில் 740, 48 வோல்ட்டில் 1,500-ஐ ஒட்டி. இரும்பின் இழப்பையும் டிரைவரின் இழப்பையும் நான் சேர்க்கவில்லை, நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் குறையும். உங்கள் 300 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அந்த வேகத்தைத் தாண்டினால் வேகம் இரட்டிப்பாக டார்க் பாதியாகிக்கொண்டே போகும்.

எனவே 24 வோல்ட் தாராளமாகக் கொடுங்கள். மோட்டார் எரியாது. டேட்டாஷீட்டின் 2.55 வோல்ட் என்பது 1.7 ஆம்பியரை 1.5 ஓமால் பெருக்கிய வெறும் பெருக்கல் தொகை, இயக்க வேண்டிய வோல்டேஜ் அல்ல. ஏ4988 போன்ற டிரைவர் கரண்டை அளந்துகொண்டே இருந்து, செட் செய்த அளவைத் தொட்டவுடன் வோல்டேஜை வெட்டிவிடும். ஆனால் கரண்டை வெட்டத் தெரியாத எல்298 போர்டில் இதே மோட்டாரை 12 வோல்ட்டில் மாட்டினால், 1.5 ஓமில் 8 ஆம்பியர் வரை ஓடப் பார்க்கும், மோட்டாரோ போர்டோ ஏதாவது ஒன்று போய்விடும். ஏ4988-க்கு 35 வோல்ட் எல்லை, இன்னொரு டிரைவரான டிஎம்சி2209-க்கு 29. இரண்டுக்கும் 24 சரியாகப் பொருந்தும்.

வேகத்தை அடைவது ஒன்று, அடையும் விதம் வேறொன்று. நின்றிருக்கும் மோட்டாருக்கு ஒரேயடியாக வினாடிக்கு 1,000 முழு ஸ்டெப் கொடுத்தால் ரோட்டார் நகர ஆரம்பிக்கும் முன்பே ஸ்பிரிங்கின் நடுப்புள்ளி ஒரு பல் தாண்டிப் போயிருக்கும். டேட்டாஷீட்டில் இரண்டு வளைவுகள் இருப்பதற்குக் காரணம் இதுதான்: நின்ற இடத்திலிருந்து நேரடியாகக் கிளம்பக்கூடிய எல்லை ஒன்று, படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனால் தாங்கும் எல்லை மற்றொன்று. இரண்டாவது எப்போதும் மிகப் பெரியது. உங்கள் அரைக் கிலோ வண்டிக்கு வினாடி வர்க்கத்துக்கு 3,000 மில்லிமீட்டர் முடுக்கம் கொடுத்தாலும் தேவைப்படும் டார்க், உராய்வு நீங்கலாக, 0.012 நியூட்டன் மீட்டர்தான். ஆகவே முடுக்கத்தில் தாராளமாக இருக்கலாம், உங்களைக் கட்டிப்போடுவது மேல் வேகம்தான். அங்கே வளைவு காட்டும் டார்க்கில் பாதியை மட்டும் நம்புங்கள்.

சூடு பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இந்த மோட்டார் சும்மா நிற்கும்போதும் ஓடும்போது எடுக்கும் அதே கரண்டை எடுக்கும். உங்கள் மோட்டாரில் சைன் உச்சம் 1.7 என்றால் எப்போதும் 4.3 வாட் சூடாகும், இரண்டு ஃபேஸிலும் முழுதாக ஓட்டினால் 8.7 வாட். மோட்டாருக்கு இது பிரச்சினை இல்லை. பி வகுப்பு இன்சுலேஷன் 130 டிகிரி வரை தாங்கும், வெளி உடம்பு 80-ஐத் தொட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் 3டி பிரிண்டரில் பிஎல்ஏ-யால் செய்த பிராக்கெட் 60 டிகிரியிலேயே இளகிவிடும், மோட்டார் மெல்லச் சாயும், பெல்ட் தளரும். கரண்டைக் குறைப்பதில் ஒரு நல்ல பேரம் இருக்கிறது: 70 சதவீதமாகக் குறைத்தால் டார்க் 70 சதவீதம் ஆகும், சூடோ பாதியாகிவிடும். உங்களுக்கு 1.2 ஆம்பியர் போதும், டிரைவருக்கும் ஹீட்சிங்க் ஒட்டுங்கள். பவர் இருக்கும்போது மோட்டார் கனெக்டரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிடுங்காதீர்கள், டிரைவர் அந்த நொடியே போய்விடும்.

ஆக, செய்ய வேண்டிய வரிசை: முதலில் கிரப் ஸ்குரூ, பிறகு 24 வோல்ட், 1/16-ஐ மாற்றாமல் 1.2 ஆம்பியர், முடுக்கம் 1,000-இல் தொடங்கி ஏற்றுங்கள். வினாடிக்கு 350 மில்லிமீட்டர் வரை போக வேண்டும், அது 525 ஆர்.பி.எம்., வினாடிக்கு 28,000 பல்ஸ். அங்கே ஜிஆர்பிஎல்லின் எல்லையும் நெருங்கிவிடும்.

கடைசிக் கேள்வி. ஓடுகிற மோட்டாரைப் பிரிக்காதீர்கள். ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையே உள்ள இடைவெளி சுமார் 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ரோட்டாரை வெளியே எடுத்த நிமிடமே மேஜையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் இரும்புத் தூளெல்லாம் பற்களில் ஒட்டிக்கொள்ளும், அதை முழுதாக எடுக்கவே முடியாது. பழைய அல்னிகோ காந்தம் உள்ளவற்றில் இன்னும் மோசம்: சுற்றியிருக்கும் இரும்பை விட்டு வெளியே வந்தாலே காந்தம் தன் பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடும், திரும்ப மாட்டினாலும் பழைய டார்க் வராது.

பார்க்க ஆசையாக இருந்தால் காயில் போன மோட்டார் ஒன்றைப் பழைய பிரிண்டர் ரிப்பேர் செய்யும் கடையில் கேட்டு வாங்குங்கள். நான்கு ஸ்குரூவைக் கழற்றி ரோட்டாரை இழுத்தெடுத்து, டார்ச் வெளிச்சத்தில் ஷாஃப்டின் திசையிலேயே ஒரு கண்ணை வைத்துப் பாருங்கள். முன் தொப்பியின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் பின்னால் பின் தொப்பியின் ஒரு பல் எட்டிப் பார்க்கும். அதுதான் அந்த 3.6 டிகிரி.